‘புதுசு ஒண்ணும் இல்லை’ என்று முனையம் சொன்னால், யாரைக் கேட்டுச் சொல்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் கூடத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைதோறும் தமிழ் வகுப்பு நடக்கும். வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். அ, ஆ எழுதிப் பழகவும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இங்கே வருகிறார்கள். அந்த அறையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஐந்து பழைய கணினிகள் இருக்கின்றன. ஐந்திலும் ஓடியது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது.

2025 அக்டோபரில் ஒருநாள் வகுப்பு நடத்தும் அக்கா போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு பயிற்சித்தாள் வந்திருக்கிறது. ஆவணம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் கட்டங்கள் எல்லாம் கலைந்து, ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. அனுப்பியவரிடம் இருப்பது லிப்ரே ஆபிஸ் 24.2. இங்கே இருப்பது 7.4.

“தம்பி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கறுப்புத் திரையில அடிச்சுப் பாத்தேன். எல்லாம் சைபர், சைபர்னு வருது. புதுசு ஒண்ணும் இல்லையாம். அப்ப அவங்ககிட்ட மட்டும் எப்படி இருக்கு?”

கணினித் துறையில் இருப்பவர்கள்கூட இந்தக் கேள்வியை இவ்வளவு சரியாகக் கேட்க மாட்டார்கள். அந்தக் கறுப்புத் திரையில், அதாவது முனையத்தில், அக்கா அடித்தது ‘ஆப்ட் அப்கிரேட்’. டெபியனில் மென்பொருளைத் தேடி நிறுவும் கருவி ‘ஆப்ட்’. வந்த விடை: மேம்படுத்தியவை 0, புதிதாக நிறுவியவை 0, நீக்கியவை 0. கணினி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. அதற்கு எது தெரியும், எப்போது தெரிந்துகொண்டது, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டளை வரியில் புதிய பொதிகளை, அதாவது நிறுவுவதற்காகக் கட்டித் தரும் மென்பொருள் மூட்டைகளை, தேடுகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே.

‘புதியது’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பதிப்புகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, கணினியில் இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு. இரண்டாவது, கணினியின் வட்டில் கிடக்கும் பட்டியலில் எழுதியிருக்கும் பதிப்பு. மூன்றாவது, களஞ்சியத்தில், அதாவது நமக்குப் பொதி தரும் மிரரில், இந்த நிமிடம் இருக்கும் பதிப்பு. நான்காவது, அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் கடைசியாக வெளியிட்ட பதிப்பு. சென்னைக்காரரின் 24.2, எங்களுடையதைவிட நான்காவதற்குப் பக்கத்தில் இருப்பது. அக்காவின் கணினி ஒப்பிட்டது முதலாவதையும் இரண்டாவதையும் மட்டும். நடுவில் இருந்த தூரம் யாருக்கும் தெரியவில்லை.

பெயரால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ‘அப்டேட்’, ‘அப்கிரேட்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன; செய்யும் வேலை வேறு. ‘ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் தொடாது. களஞ்சியத்துக்குப் போய், ‘உன்னிடம் இப்போது என்னென்ன இருக்கிறது?’ என்று கேட்டுப் பட்டியலை வாங்கி வட்டில் வைத்துக்கொள்ளும். ‘ஆப்ட் அப்கிரேட்’ இணையத்தை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுவிடும். பட்டியல் பழசென்றால் கணக்கும் பழசு. கோயில் கூடத்தில் நிரந்தர இணையம் கிடையாது. யாராவது போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் உண்டு. அதனால் தானாகப் பட்டியலைப் புதுப்பிக்கும் வசதி இருந்தும் அதற்கு வழியில்லாமல் போயிருந்தது.

பட்டியலின் வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘வார்’ அடைவுக்குள் ‘லிப்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘லிஸ்ட்ஸ்’ என்று உள்ளே போய், கோப்புகளின் தேதியைப் பார்த்தால் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே தெரிவது நாம் இறக்கிய நாள் இல்லை, களஞ்சியம் அந்தப் பட்டியலை எழுதிய நாள். டெபியனின் முதன்மைக் களஞ்சியம் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் அதன் தேதி பழசாக இருப்பது இயல்பு. பாதுகாப்புக் களஞ்சியத்தின் பட்டியல் அடிக்கடி மாறும். பார்க்க வேண்டியது அதன் தேதியை. நான் சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது அதில் மார்ச் மாதம் இருந்தது. ஏழு மாதமாக அந்தக் கணினி வெளியுலகத்தைக் கேட்கவே இல்லை.

கேட்பதற்கு ஆகும் செலவு

தென்னாப்பிரிக்காவில் இதைச் சும்மா கடந்துவிட முடியாது. ‘அடிக்கடி அப்டேட் செய்யுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறவர்களின் வீட்டில் அளவில்லாத இணையம் இருக்கும். இங்கே பல குடும்பங்கள் ப்ரீபெய்டு டேட்டாவை அளந்து அளந்து செலவழிக்கின்றன. 2016இல் ‘டேட்டா மஸ்ட் ஃபால்’ என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். போட்டி ஆணையம் விசாரித்து, 2019 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகுதான், 2020 ஏப்ரலில், முப்பது நாள் செல்லுபடியாகும் ஒரு ஜிபியின் விலையைப் பெரிய நிறுவனம் ஒன்று 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டாக இறக்கியது. அந்த ஒரு ஜிபியில் ஒரு கணினியின் ஏழு மாதப் பாக்கியை இறக்கினால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் தேடுவதையும் இறக்குவதையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். கட்டளை வரியின் பெரிய வசதி இதுதான்: தேடுவதற்கு ஏறக்குறைய காசு ஆகாது. ‘ஆப்ட் சர்ச்’, ‘ஆப்ட் ஷோ’, ‘ஆப்ட் பாலிசி’ மூன்றும் வட்டில் இருக்கும் பட்டியலையே புரட்டுகின்றன. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டும் ஓட்டலாம். ‘ஆப்ட் அப்டேட்’டுக்கு இணையம் வேண்டும். ஆனால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இழுக்காது. முதலில் ‘இன்ரிலீஸ்’ என்ற சிறிய கோப்பை மட்டும் பார்க்கும். களஞ்சியத்தின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. மற்றப் பட்டியல்களின் அடையாளக் குறிகளும் அதில்தான் இருக்கின்றன. அது மாறவில்லையென்றால் திரையில் ‘ஹிட்’ என்று ஒரு வரி வந்து, அத்தோடு முடிந்தது. ‘கெட்’ என்று வந்தால்தான் ஏதோ இறங்குகிறது என்று பொருள். நெடுநாள் கழித்துக் கேட்டால் சில பத்து எம்பி வரை போகலாம். வாரம் ஒருமுறை கேட்கிற கணினிக்கு முதன்மைக் களஞ்சியத்தின் வரி பெரும்பாலும் ‘ஹிட்’ ஆகவே வரும்.

மேம்படுத்தும்போதும் அது கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். ‘இத்தனை எம்பி இறக்க வேண்டும், தொடரலாமா?’ என்ற கேள்வியின் முன் நின்று, அந்த எண்ணைப் படித்து, வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. எனக்குத் தெரிந்த பலர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. விரல் தானாக ஆம் சொல்லிவிடும். ‘ஆப்ட் லிஸ்ட்’ கட்டளையோடு ‘அப்கிரேடபிள்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எந்தெந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போகக் காத்திருக்கிறது என்று வரிசையாக வரும். அதைப் படித்துவிட்டு, இன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உலாவியையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் முதலில் எடுப்பது என் வழக்கம்.

இணையமே இல்லாத கணினிக்கும் வழி இருக்கிறது. ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற கருவி, அந்தக் கணினிக்கு என்ன வேண்டும் என்று ஒரு சிறிய கோப்பில் எழுதிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டு, இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து நிறுவலாம். கடைக்குப் போகிறவரிடம் சீட்டெழுதிக் கொடுப்பது போலத்தான். இந்த நாட்டுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 2000களின் நடுவில் ஷட்டில்வர்த் அறக்கட்டளை ‘ஃப்ரீடம் டோஸ்டர்’ என்ற பெட்டிகளைப் பல ஊர்களில் வைத்தது. வெற்று சிடியோடு போனால், கட்டற்ற மென்பொருளை அதில் எழுதி எடுத்துக்கொண்டு வரலாம். இணையம் விலை உயர்ந்த ஊரில் மென்பொருள் எப்படிப் பரவ வேண்டும் என்று யோசித்து வைத்த பெட்டிகள் அவை.

எண்ணைப் படிப்பது எப்படி

இனி அக்காவின் கேள்வியின் மறுபாதி: 7.4 எங்கே, 24.2 எங்கே? பதினேழு தலைமுறை பின்தங்கிவிட்டோமா?

இல்லை. லிப்ரே ஆபிஸ் 7.6 வரை பழைய முறையில் எண்ணிக்கொண்டு வந்தது. 2024 ஜனவரி கடைசியில் வந்த அடுத்த வெளியீட்டிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் எண்ணாக வைக்கத் தொடங்கியது: 24.2. ஆக 7.4க்கும் 24.2க்கும் நடுவில் இருப்பவை 7.5, 7.6 என்ற இரண்டு பெரிய வெளியீடுகளே. எண்ணை மட்டும் பார்த்து மிரண்டால் இப்படித்தான் ஆகும்.

ஆண்டு, மாத முறையை வெகுகாலமாகக் கையாள்வது, டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு என்ற இயங்குதளம். சுலு பேசும் அக்கம்பக்கத்தாரோடு வாழும் டர்பன்காரருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். ‘உமுந்து ங்குமுந்து ங்கபந்து’, மனிதர் மனிதராவது மற்ற மனிதரால், என்ற பழமொழியின் உயிர் அந்தச் சொல். இந்த நாட்டின் வெல்கம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வர்த் 1990களில் டெபியனுக்குப் பொதி கட்டிக் கொடுத்தவர். 2004 அக்டோபரில் அவர் தொடங்கிய உபுண்டுவின் முதல் வெளியீடு வந்தது. அதன் எண் 4.10. அதாவது 2004, பத்தாம் மாதம். இதைப் பள்ளிக்கூடக் கணக்கில் வரும் தசம எண்ணாகப் படித்தால் 4.1 என்றாகிவிடும். பதிப்பு எண் தசம எண் கிடையாது. புத்தகத்தில் முதல் அத்தியாயத்தின் பத்தாம் பாடம் ஒன்பதாம் பாடத்துக்குப் பின்னால் வருவது போல, 1.9க்குப் பின்னால்தான் 1.10. கணினி புள்ளிக்குப் புள்ளி நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக ஒப்பிடுகிறது.

டெபியன் பொதியின் முழுப் பதிப்பு எண் இன்னும் நீளம். எங்கள் கணினியில் இருந்த லிப்ரே ஆபிஸின் எண்ணைத் தமிழில் எழுதினால் 4:7.4.7-1+டெப்12யு5 என்று வரும். கடைசியிலிருந்து படித்தால் புரிந்துவிடும். ‘டெப்12யு5’ என்றால் டெபியன் 12க்காக வந்த ஐந்தாவது திருத்தம். அதற்கு முன்னால் இருக்கும் 1, டெபியன்காரர்கள் பொதியைக் கட்டிய வரிசை. 7.4.7 என்பது மூல ஆசிரியர்களின் எண். முன்னால் இருக்கும் 4, அதை அடுத்த முக்காற்புள்ளி, இரண்டும் சேர்ந்து ‘இபாக்’ எனப்படும் யுகக் குறி. எண்ணும் முறையே குழம்பிப் போகும்போது, ‘இங்கிருந்து புதுக்கணக்கு’ என்று சொல்ல அதைக் கூட்டுவார்கள். இபாக் பெரிதாக உள்ள பொதி, மற்ற எண்கள் எப்படி இருந்தாலும், புதியதாகவே கொள்ளப்படும்.

தமிழ் வாசகர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு குறி அலைக்கோடு, ‘டில்டே’. மற்றக் குறிகள் எல்லாம் எண்ணை ஏற்றும், இது இறக்கும். 2.0~ஆர்சி1 என்பது 2.0ஐவிடப் பழசு. வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைப் பதிப்பு வெளியீட்டைவிடப் பெரிதாகத் தெரியக்கூடாதல்லவா? அதற்காக வைத்த ஏற்பாடு. பழைய டெபியனுக்காகப் புதிய பதிப்பைத் திரும்பக் கட்டித் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தின் பொதிகளிலும் ~பிபிஓ12+1 என்று வாலில் இருக்கும். நாளைக்கு அடுத்த டெபியனுக்கு மாறும்போது அங்கே இருக்கும் அசல் பொதி இதைத் தாண்டி வர வேண்டும் என்பதற்காக.

இவற்றையெல்லாம் ஒரே திரையில் காட்டுகிற கட்டளை ‘ஆப்ட் பாலிசி’. கூடவே பொதியின் பெயர். ஒரே ஒரு கட்டளைதான் கற்றுக்கொள்ள நேரமுண்டு என்று யாராவது சொன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். நிறுவியிருப்பது எது, தேர்வுக்குரியது எது, எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முன்னுரிமை என்று வரிசையாகச் சொல்லும். சாதாரணக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 500. பேக்போர்ட்ஸுக்கு 100. அதனால்தான் பேக்போர்ட்ஸைச் சேர்த்து வைத்திருந்தாலும் அது தானாக உள்ளே புகுவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். ‘புதுசு இருக்கிறதே, ஏன் வரமாட்டேன் என்கிறது?’ என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் விடை இந்த எண்களில்தான் இருக்கும்.

உபுண்டுவில் இன்னொரு காரணமும் உண்டு. சில திருத்தங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடாமல், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் பத்து விழுக்காடாகக் கூட்டிக் கொடுப்பார்கள். நம் முறை வரும்வரை பட்டியலில் பெயர் தெரியும், பொதி இறங்காது. பொறுத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் தானே வரும். வலிந்து இழுக்க வேண்டாம்.

பெரிய எண் என்றால் பாதுகாப்பா?

இந்த இடத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து இருக்கிறது: பதிப்பு எண்ணை வைத்து மட்டும் ஒரு கணினி பாதுகாப்பானதா என்று தீர்ப்பு சொல்லக்கூடாது. இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளியே வந்தது. இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாவற்றிலும் பிழை, 1.0.1ஜி-யில் சரிசெய்தார்கள். உலகமே ‘ஜி இருக்கிறதா?’ என்று தேடியது. ஆனால் அப்போதைய டெபியன் 7, ‘ஜி’க்குத் தாவவில்லை. தன்னிடமிருந்த 1.0.1ஈ-யையே வைத்துக்கொண்டு, அந்தப் பிழையை மட்டும் தைத்து, 1.0.1ஈ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. எண்ணைப் பார்த்தால் பழசு, ஓட்டையோ அடைத்தாயிற்று. வாலில் இருக்கும் ‘யு5’ஐப் படிக்கத் தெரியாதவர் அந்தக் கணினியைத் தேவையில்லாமல் பிரித்துப் போட்டிருப்பார்.

பத்து ஆண்டு கழித்து இதற்கு நேர்மாறு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார். தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணம் தேடிப் போயிருக்கிறார். எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருப்பது தெரியவந்தது. அந்த வாரத்தில் மிகப் புதியதை வைத்திருந்தவர்களே ஆபத்தில் இருந்தார்கள். டெபியன் 12இல் இருந்தது 5.4.1; அதற்கு ஒன்றுமில்லை.

வெளியீட்டுக்குத் தயாராகும் சோதனைக் கிளையை ஓட்டியவர்களைப் பழைய பதிப்புக்குக் கூட்டிப்போக டெபியன் செய்த காரியம் இன்னும் முக்கியம். ஆப்ட் தானாக எண்ணில் பின்னோக்கிப் போகாது. 5.6.1ஐ வைத்திருக்கும் கணினிக்கு 5.4.5ஐக் கொடுத்தால், ‘இது பழசு, எனக்கு வேண்டாம்’ என்று விட்டுவிடும். அதனால் பொதிக்கு 5.6.1+ரியலி5.4.5-1 என்று பெயர் வைத்தார்கள். ‘உண்மையில் 5.4.5’ என்று எண்ணுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். எண்ணில் புதுசு, உள்ளே பழசு, பாதுகாப்பானதும் அதுவே. ‘ஆப்ட் சேஞ்ச்லாக்’ என்று பொதியின் பெயரோடு கேட்டால் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கான காரணத்தைப் பொதி கட்டியவரே எழுதியிருப்பதைப் படிக்கலாம். எண் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லும்.

கடிகாரம் கெட்டால்

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, முதல் கணினியில் ‘ஆப்ட் அப்டேட்’ அடித்தேன். பட்டியல் இறங்கவில்லை. ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இந்தக் களஞ்சியத்தின் மாற்றங்களை ஏற்கமாட்டேன்’ என்ற பொருளில் ஒரு வரி. பக்கத்தில் நின்ற பையன், “அண்ணா, இன்டர்நெட் கட் ஆயிருச்சா?” என்று கேட்டான். இணையம் நன்றாகத்தான் இருந்தது. திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். பல ஆண்டு பின்னால் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் நின்றது.

2023இல் இந்த நாட்டில் லோட்ஷெடிங் படுத்திய பாட்டை மறக்க முடியாது. ஒரு நாளில் எத்தனையோ மணிநேரம் மின்சாரம் போய்ப்போய் வந்தது. பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் ஒரு நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பது அதன் வேலை. அது செத்துப்போனால், மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் கணினி காலத்தை மறந்துவிடும். களஞ்சியத்தின் கையெழுத்திட்ட கோப்பில் எழுதிய நாள் இருக்கிறது. டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தில் காலாவதி நாளும் சேர்ந்து இருக்கிறது. யாராவது நடுவில் புகுந்து பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் காட்டி, ‘புதுசு இல்லை’ என்று நம்மை ஏமாற்றக்கூடாது என்பதற்கான காவல் அது. தேதி தவறான கணினிக்கு, நேற்று எழுதிய பட்டியல் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரிகிறது. அதனால் மறுக்கிறது. தேதியைச் சரிசெய்தேன், பட்டியல் இறங்கியது. பேட்டரியை அடுத்த வாரம் வாங்கிப் போட்டேன்.

இறங்கிய பட்டியலோடு ஒரு குறிப்பும் வந்தது. ‘ஸ்டேபிள்’ என்று இருந்த இந்தக் களஞ்சியம் இப்போது ‘ஓல்ட்ஸ்டேபிள்’ ஆகிவிட்டது என்றது. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்துவிட்டது. எங்கள் 12 மூத்ததாகிவிட்டது. அக்காவின் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் இருந்தது. டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். லிப்ரே ஆபிஸ் 24.2 வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. வெளியான பிறகு டெபியனில் பிழைகளைத் திருத்துவார்களே தவிர, புதிய தலைமுறைக்குத் தாவமாட்டார்கள். ஆக, எத்தனை முறை ‘அப்டேட்’ அடித்தாலும் இந்த வெளியீட்டின் முதன்மைக் களஞ்சியத்தில் 24 என்ற எண் வரப்போவதில்லை. ‘டெவ்ஸ்கிரிப்ட்ஸ்’ பொதியில் ‘ஆர்மேடிசன்’ என்று ஒரு சிறு கட்டளை உண்டு. நம் பட்டியலைத் தொடாமல், டெபியனின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும். செலவு சில கேபிதான். அதில் பார்த்தபோது 12க்கு நேரே 7.4.7, 13க்கு நேரே 25.2.

மற்ற இயங்குதளக் குடும்பங்களிலும் இதே கதைதான். ஃபெடோரா லினக்ஸில் ‘டிஎன்எஃப் செக்-அப்டேட்’. புதியது இருந்தால் 100 என்ற முடிவு எண்ணைத் திருப்பித் தரும் என்பதால் தானியங்கி நிரல்களுக்கு வசதி. ஆர்ச் லினக்ஸில் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஏதாவது ஒரு பொதியை நிறுவினால் பாதி புதுசு பாதி பழசு என்று ஒட்டாமல் போகும். அதற்காகவே தனிப் பட்டியலை வைத்துப் பார்க்கும் ‘செக்அப்டேட்ஸ்’ இருக்கிறது. மேக்கில் ‘ப்ரூ அவுட்டேட்டட்’, விண்டோஸில் ‘விங்கெட் அப்கிரேட்’. எனக்கு மிகவும் பிடித்தது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பயன்படுத்தும் ‘என்பிஎம் அவுட்டேட்டட்’. இருப்பது, நம் திட்டம் ஏற்பது, உலகில் கடைசியாக வந்தது என்று மூன்று பத்திகளாகப் பிரித்துக் காட்டும். புதியது என்பது ஒன்றல்ல என்பதை அந்தக் கருவியே ஒப்புக்கொள்கிறது.

தமிழுக்கு மூன்று பெயர்

பயிற்சித்தாளுக்கு வருவோம். பட்டியல் புதிதான பிறகும் கட்டங்கள் கலைந்தே இருந்தன. ஆவணத்தில் ஒரு வரியைத் தெரிவு செய்து எழுத்துருவின் பெயரைப் பார்த்தேன். லோகித் தமிழ். பெயர் சாய்வெழுத்தில் இருந்தது. அப்படியென்றால் அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் எழுத்துகள் அகலம். அகலம் கூடக் கூடக் கட்டம் உடைந்து, வரி மடங்கி, பக்கம் வழிந்திருக்கிறது. பதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி அந்த எழுத்துருப் பொதியைத் தேட வேண்டும். தமிழ் மென்பொருள் தேடுகிற எல்லோரும் இதை அறிந்திருப்பது நல்லது. பொதிகளின் பெயர்களில் தமிழ் மூன்று விதமாக ஒளிந்திருக்கிறது. மொழிக்கான இரண்டெழுத்துக் குறி ‘டி-ஏ’. மூன்றெழுத்துக் குறி ‘டி-ஏ-எம்’. எழுத்து வடிவத்துக்கான நான்கெழுத்துக் குறி ‘டி-ஏ-எம்-எல்’. எழுத்துப்பிழை பார்க்கும் ஆஸ்பெல் முதல் குறியை வாலில் வைத்திருக்கிறது; லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகமும் அப்படியே. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் இரண்டாவதை. லோகித் எழுத்துரு மூன்றாவதை, ஏனென்றால் எழுத்துரு மொழிக்குரியது இல்லை, வரிவடிவத்துக்குரியது. பெயரில் மட்டும் தேடினால் ஒரு குறிக்கு மற்ற இரண்டும் சிக்காமல் போகலாம். ‘ஆப்ட் சர்ச்’ பொதியின் விளக்கத்தையும் சேர்த்துத் தேடும் என்பதால், ‘தமிழ்’ என்பதை ஆங்கில எழுத்தில் முழுதாக அடிப்பதே சரியான வழி. இந்த நாட்டின் 1996 அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த வளர்ப்பு ஒரு பின்னறையில் நடக்கும்போது இப்படி ஒரு சிறு பொதியின் பெயரைக் கண்டுபிடிப்பதில் போய் நிற்கிறது.

கிடைத்தது. ‘ஆப்ட்’ கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்பை அழித்துவிடும் என்பதால், மூத்த கட்டளையான ‘ஆப்ட்-கெட்’டில் நிறுவினேன், அது கோப்பை வைத்துக்கொள்ளும். சிறிய பொதிதான். அதே கோப்பைப் பென் டிரைவில் எடுத்து மற்ற நான்கு கணினிகளுக்கும் கொடுத்தேன். லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தோம். ‘க, ங, ச’ என்று வரிசையாகக் கட்டத்துக்கு ஒன்றாக எழுத்துகள் உட்கார்ந்தன. ஒரே பக்கம்.

“அப்ப அந்த இருபத்தி நாலு வேண்டாமா தம்பி?”

“இப்பத்திக்கு வேண்டாம்க்கா. 12க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2026 ஜூன் வரைக்கும் வரும். டிசம்பர் லீவுல நான் வேற இடத்துல 13ஐ இறக்கிட்டு வந்து ஐந்துக்கும் போட்டுடறேன். அதுல 25.2 இருக்கு.”

அக்கா பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் ‘டிசம்பர், 13’ என்று எழுதி வைத்தார். பையன் பயிற்சித்தாளின் முதல் கட்டத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தான்.